லீற்றர் எங்கே போகிறது

மாதக் கடைசி இரவில் கொழும்பில் வாகனம் வைத்திருக்கிறவர்கள் கைபேசியைக் கீழே வைப்பதில்லை. நள்ளிரவிலிருந்து எண்ணெய் விலை கூடுகிறதா குறைகிறதா என்ற அறிவிப்பு அந்த நேரத்தில்தான் வரும். கூடப்போகிறது என்ற கதை பின்னேரமே பரவிவிட்டால், கொட்டாஞ்சேனைப் பக்கத்து பெற்றோல் ஷெட்களில் வரிசை வீதிவரை நீண்டுவிடும். கார், ஓட்டோ, மோட்டார் சைக்கிள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். பாதிப் பேர் இஞ்சினை நிறுத்தாமலே நிற்பார்கள்.

புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். எதைப் பார்த்தாலும் கூட்டிக் கழிக்கிற பழக்கம் அங்கே வந்தது. அந்த வரிசையையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். லீற்றருக்கு 10 ரூபா கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டோவின் டேங்க் 8 லீற்றர்தான் பிடிக்கும். சொட்டும் இல்லாமல் போய் நிரப்பினாலும் மிச்சம் 80 ரூபா. சின்னக் காருக்கு 15 லீற்றர் அடித்தால் 150 ரூபா. ஏசியைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் வரிசையில் ஊர்ந்தால், அதில் பெரும்பங்கு அந்த இடத்திலேயே எரிந்துவிடும். ஓட்டோக்காரருக்கோ அதே அரை மணியில் ஒரு ஹயர் போய்விடும். கணக்கில் பார்த்தால் அந்த வரிசையால் யாருக்கும் பெரிய லாபம் இல்லை.

ஆனாலும் அங்கே நிற்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்கள் 2022ஐப் பார்த்தவர்கள்.

2021 டிசம்பர் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபா. 2022 மார்ச்சில் 254 ஆனது. ஏப்ரலில் 338, மே மாதம் 420, ஜூன் 26ஆம் திகதி 470. ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாவைச் சுற்றி நின்ற டொலர், மார்ச்சில் மத்திய வங்கி அதன்மேலிருந்த கட்டுப்பாட்டை விட்டதும் சில வாரங்களில் 360 வரை போனது. உக்ரைன் யுத்தத்தால் மசகு எண்ணெய் ஒரு பரல் 100 டொலரைத் தாண்டியது. வந்த கப்பலுக்குக் கட்டக்கூட அரசிடம் டொலர் இருக்கவில்லை. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எண்ணெய் என்று சொல்லிவிட்டார்கள். வரிசையில் நின்றபடியே உயிர் விட்ட முதியவர்களும் இருந்தார்கள். அந்த நாட்களைக் கடந்த ஒருவர் 80 ரூபாவுக்காக மட்டும் வரிசைக்கு வருவதில்லை. நாளைக்கு எண்ணெய் இருக்குமா என்ற பயமும் கூடவே வருகிறது.

ஜூலையில் எண்ணெயை அளந்து கொடுக்கும் கியூஆர் அட்டை வந்தது. முதலில் காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4, ஓட்டோவுக்கு 5. என் அத்தான் இந்த நகரத்தில் ஓட்டோ ஓடிப் பிழைக்கிறவர். 5 லீற்றரில் நல்ல நிலையிலுள்ள ஓட்டோ 125 கிலோமீற்றர் போகும். முழு நாளும் ஹயர் ஓடுகிறவருக்கு அது ஒரு நாள் ஓட்டம், மிஞ்சினால் ஒன்றரை நாள். மற்ற நாட்களில் வண்டி வாசலில் நின்றது. லீசிங் தவணை நிற்கவில்லை. சிக்கனமாக இரு, பழகிக்கொள் என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்த வாரங்கள் நினைவுக்கு வரும். ஒரு எல்லைக்குக் கீழே போனால் எந்தச் சிக்கனமும் உதவாது. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்த 5 லீற்றர்தான் அத்தானுக்கு ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. அதற்கு முன் அவர் காலையில் வண்டியை எடுத்தால் ஆள் தேடிக்கொண்டே ஓடுவார். ஆமர் வீதி, மருதானை, புறக்கோட்டை, திரும்ப ஜம்பட்டா வீதி. எண்ணெய் அளவாகக் கிடைத்தபோது அப்படிச் சுற்ற முடியவில்லை. ஓட்டோக்கள் நிறுத்தும் பார்க்கில் நின்றே ஹயர் எடுத்தார். ஐந்தாம் குறுக்குத் தெருவிலிருந்து கடைச் சாமான் ஏற்றும்போது ஒரே பக்கத்துக்குப் போகும் இரண்டு கடைகளின் சாமானைச் சேர்த்து ஏற்றினார். திரும்பி வரும்போது ஆள் கிடைக்கிற பக்கமாகப் பார்த்துப் போனார். "எண்ணெய் இருந்த காலத்தில நான் பாதித் தூரம் சும்மாதான் ஓடியிருக்கிறன் தங்கச்சி" என்று ஒரு நாள் சொன்னார்.

அந்தப் பேச்சைக் கேட்டபின் நான் ஒரு கொப்பி போட்டுக் கொடுத்தேன். டேங்க் நிறைய அடித்த அன்று மீற்றரில் உள்ள இலக்கத்தை எழுத வேண்டும். அடுத்த முறை நிறைய அடிக்கும்போது ஓடிய தூரத்தை அடித்த லீற்றரால் பிரிக்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்த கணக்குத்தான். நாங்கள் கூடுதலாக ஒரு நிரல் வைத்தோம்: ஆள் ஏற்றி ஓடிய தூரம் எவ்வளவு, வெறுமனே ஓடிய தூரம் எவ்வளவு. கியூஆர் முறை 2023 செப்டம்பரில் முடிந்தது. கொப்பி முடியவில்லை.

அந்த நிரலில் தெரிந்ததை இலகுவான இலக்கங்களில் சொல்கிறேன். பெற்றோல் லீற்றர் 300 ரூபா, ஓட்டோ லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடும் என்று வைப்போம். அப்படியென்றால் கிலோமீற்றருக்கு 12 ரூபா. ஆளை ஏற்ற 2 கிலோமீற்றர் வெறுமனே போய், ஏற்றிக்கொண்டு 3 கிலோமீற்றர் ஓடினால், 5 கிலோமீற்றருக்கான எண்ணெய், 60 ரூபா, அந்த 3 கிலோமீற்றரின் தலையில் விழுகிறது. கூலி கிடைக்கிற ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 20 ரூபா. வெறும் ஓட்டத்தை 1 கிலோமீற்றராகக் குறைத்தால் அது 16 ரூபாவாக இறங்கும். இப்போது பெற்றோல் 30 ரூபா கூடி 330 ஆகட்டும். வெறும் ஓட்டம் 1 கிலோமீற்றராகவே இருந்தால் செலவு 17 ரூபா 60 சதம். விலை ஏறிய பிறகும் பழைய 20 ரூபாவை விடக் குறைவு.

இதைத்தான் நான் எல்லாச் சாரதிகளிடமும் சொல்ல விரும்புகிறேன். விலைப் பலகையில் உள்ள இலக்கத்தை நம்மால் அசைக்க முடியாது. நாம் வாங்கிய லீற்றரில் எவ்வளவு ஒருவரையும் எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்காமல் எரிகிறது என்பது நம் கையில் இருக்கிறது. கொழும்பில் அந்தப் பங்கு மிகப் பெரியது. வெறும் ஓட்டம் ஒன்று, நின்ற இடத்தில் எரிவது மற்றது.

விலைப் பலகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எண்ணெய் விலையைக் கணக்கிடும் விலைச் சூத்திரம் முதலில் வந்தது 2018இல், பிறகு கைவிடப்பட்டது, 2022இல் திரும்ப வந்தது. சிங்கப்பூர்ச் சந்தையில் சுத்திகரித்த எண்ணெயின் விலை, கப்பல் கூலி, டொலரின் பெறுமதி, வரிகள், விற்பவரின் பங்கு எல்லாம் அதற்குள் சேரும். 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீத வற் வரியும் எண்ணெய்மேல் விழுந்தது. சபுகஸ்கந்தையில் நமக்கு ஒரு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது, 1969இலிருந்து ஓடுகிறது. அதற்கும் மசகு எண்ணெயை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். வளைகுடாவின் எண்ணெய்க் கப்பல்கள் கடக்கும் ஹோமுஸ் நீரிணையில் பதற்றம் என்றால் கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகள்வரை அதன் பாரம் வந்து சேரும். ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கான 251 மில்லியன் டொலர் கடனைத் தேயிலை கொடுத்து அடைக்க 2021 டிசம்பரில் கையெழுத்துப் போட்ட நாடு இது. எங்கள் பெரியம்மா ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். நாட்டுக்குள் வரும் ஒவ்வொரு சொட்டையும் யாரோ ஒருவரின் உழைப்பைக் கொடுத்துத்தான் வாங்குகிறோம் என்று நான் நினைப்பதற்கு அவரும் ஒரு காரணம். வீணாக எரிவதைப் பார்க்க எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

நின்ற இடத்தில் எரிவது எப்படி என்று பார்க்கக் கஷ்டப்பட வேண்டியதில்லை. காலை 7 மணிக்கும் 7.30க்கும் இடையில் கொட்டாஞ்சேனையில் வண்டி எடுத்துப் பாருங்கள். புனித ஆசீர்வாதப்பர் கல்லூரியும் நல்லாயன் மகளிர் பாடசாலையும் இருக்கிற பக்கம் அது. வான்களும் ஓட்டோக்களும் பிள்ளைகளை இறக்கி முடிக்கும்வரை யாரும் நகர முடியாது. பாடசாலை விடும் 1.30க்குத் திரும்ப அதே கதை. பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் இதே நேரத்தில் இதே நிலைதான். வண்டி நிற்கும்போது இஞ்சின் லீற்றருக்குப் பூச்சியம் கிலோமீற்றர் கொடுக்கிறது. ஏசி ஓடினால் இன்னும் மோசம்.

அம்மாவை வெள்ளவத்தையில் டொக்டரிடம் காட்டக் கூட்டிப்போவது என் பொறுப்பு. அதே தூரம், அதே கார். வெள்ளனப் போனால் ஒரு கணக்கு, பாடசாலை நேரத்தில் மாட்டினால் இன்னொரு கணக்கு. இப்போது டொக்டரிடம் நேரம் எடுக்கும்போதே பத்து மணிக்குப் பிறகு கேட்கிறேன். திரும்பும்போது மரக்கறி, மருந்து, மின்சாரப் பட்டியல் எல்லாவற்றையும் அந்த ஒரே சுற்றில் முடித்துவிடுவேன். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எண்ணெயைக் கூடுதலாகக் குடிக்கும். நாலு முறை வீட்டிலிருந்து புறப்படுவதை விட ஒரு முறை புறப்பட்டு நாலு இடம் போவது மலிவு. கொள்ளுப்பிட்டிப் பக்கம் போக வேண்டியிருந்தால் காலி வீதியா மெரின் டிரைவா என்று தூரத்தை வைத்துப் பார்க்காமல், எதில் நிற்காமல் போகலாம் என்று வைத்துப் பார்ப்பேன். அரைக் கிலோமீற்றர் சுற்றினாலும் ஓடிக்கொண்டே இருக்கும் வீதிதான் மலிவானது.

கலர் லைட்டில் இஞ்சினை நிறுத்தலாமா என்று அத்தானோடு நிறையக் கதைத்திருக்கிறோம். திரும்ப ஸ்டார்ட் பண்ணும்போது கூட எண்ணெய் போகும் என்ற நம்பிக்கை பழைய ஆட்களிடம் பலமாக இருக்கிறது. உண்மையில் பத்து வினாடிக்கு மேல் நிற்க வேண்டுமென்றால் நிறுத்துவதே லாபம். கொழும்பில் பல சந்திகளில் வினாடி இறங்குவது பலகையில் தெரிகிறது, அதைப் பார்த்தே முடிவெடுக்கலாம். பற்றரி பலவீனமாக இருக்கும் வண்டியில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். நடுச் சந்தியில் வண்டி எழும்பாவிட்டால் பின்னால் நிற்கிற அத்தனை பேரின் எண்ணெயும் சேர்ந்து போகும்.

கால் மிதிக்கிற விதத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வேகமாக இழுத்து, அடுத்த லைட்டில் பிரேக்கை மிதித்து நிறுத்துகிற ஓட்டம் நகர நெரிசலில் பத்து முதல் நாற்பது சதவீதம்வரை எண்ணெயைக் கூட்டிவிடும். பிரேக்கில் வைக்கும் ஒவ்வொரு மிதியும் காசு கொடுத்து வாங்கிய வேகத்தை எறிகிற மிதி. முன்னால் சிவப்பு தெரிந்தால் அங்கேயே காலை எடுத்துவிட்டு வண்டியைத் தானாக ஓடவிடலாம். அதிவேக வீதியில் போகிறவர்களுக்கு: 80ஐத் தாண்டியதும் காற்றின் எதிர்ப்பு சட்டென்று ஏறும். கட்டுநாயக்காவுக்கு 100இல் போவதற்கும் 80இல் போவதற்கும் இடையில் மிச்சமாகும் நேரம் சில நிமிடங்கள்தான்.

ரயரில் காற்று. நாலு ரயரிலும் 10 பிஎஸ்ஐ குறைந்திருந்தால் நூற்றுக்கு இரண்டு பங்கு எண்ணெய் கூடப் போகும். சிறிய பங்குதான், ஆனால் காற்று இல்லாத ரயர் ஓரமாகத் தேய்ந்து சீக்கிரம் போய்விடும். ரயரின் விலையையும் சேர்த்துப் பார்த்தால் வாரத்துக்கு ஒரு முறை காலையில், ரயர் சூடாகுமுன், காற்றுப் பார்ப்பது பெரிய விஷயம். எயார் ஃபில்டர், பிளக், இஞ்சின் ஒயில் எல்லாம் சர்விஸ் புத்தகத்தில் இருக்கிற மாதிரிச் செய்தால் போதும்.

95 ஒக்டேன் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். விலை கூடியதால் அது கூடத் தூரம் ஓடும் என்று நம்புகிறார்கள். ஒக்டேன் இலக்கம் என்பது இஞ்சினுக்குள் பெற்றோல் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் அளவு. அதிக அழுத்தத்தில் இயங்கும் இஞ்சின்களுக்கு அது தேவை. 92 போதும் என்று வண்டிப் புத்தகத்தில் போட்டிருந்தால் 95க்குக் கொடுக்கிற காசு வீண். அந்தக் காசில் எயார் ஃபில்டர் மாற்றலாம்.

இதைவிட எனக்குக் கவலை தருவது நியூட்ரல் பழக்கம். எண்ணெய் மிச்சம் பிடிக்கிறோம் என்று இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு ஓடவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கினிகத்தேனை இறக்கத்தில் அப்படிச் செய்வது உயிரோடு விளையாடுவது. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் வண்டியை இழுத்துப் பிடிக்க இஞ்சினும் இருக்காது. இக்கால இன்ஜெக்ஷன் இஞ்சின் கியரில் இருந்தபடி காலை எடுத்தால் எண்ணெயைத் தானாகவே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் இஞ்சினை உயிரோடு வைத்திருக்க எண்ணெய் போகும். ஆக, ஆபத்தும் கூட, செலவும் கூட. விலை ஏறும்போது இந்தப் பழக்கம் பரவுகிறது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மின்சார வாகனம் வாங்கட்டுமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் சுருக்கமானது. 2020 மார்ச்சில் மூடிய தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தபிறகு தெரிவுகள் கூடியிருக்கின்றன. நாள் முழுதும் ஓடுகிறவருக்குக் கணக்கு பொருந்தி வரலாம். வாரத்தில் இரண்டு நாள் கார் எடுக்கிறவர் எண்ணெய் மிச்சத்தை நம்பிப் பெரிய கடனில் இறங்க வேண்டாம். நம் மின்சாரக் கட்டணம் அலகு கூடக் கூட ஏறுவது. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ஐந்தாம் மாடியில் இருந்துகொண்டு கீழே நிற்கும் காருக்கு எங்கிருந்து மின்சாரம் கொடுப்பது என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். பழைய ஹைபிரிட் வாங்கினால் பற்றரி மாற்றும் செலவை விலையோடு சேர்த்து எண்ணுங்கள்.

வண்டியை எடுக்காமலே விடுவதும் ஒரு வழி. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குக் கரையோர ரயிலில் போகிறவருக்கு காலி வீதி அடைத்திருக்கிறதா என்ற கவலையே இல்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்கு நான் நடந்தே வேலைக்குப் போகிறேன். மழை நாட்களில் பஸ். இரவு வேலை செய்கிற பெண்களுக்கும், முழங்கால் நோவோடு இருக்கும் என் அம்மாவைப் போன்றவர்களுக்கும் இதைச் சொல்ல முடியாது. அவர்களுக்கு ஓட்டோதான் கால்.

அதனால்தான் ஓட்டோக் கூலியைப் பற்றிச் சாரதியும் பயணியும் நேராகக் கதைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். டீசல் கூடினால் தம்புள்ளையிலிருந்து வரும் லொறிக் கூலி கூடும், எங்கள் கடையில் வெங்காயத்தின் விலையும் கூடும். அதை யாரும் லொறிக்காரரோடு சண்டை பிடித்துத் தீர்ப்பதில்லை. ஓட்டோக்காரரிடம் மட்டும் முழுப் பாரத்தையும் நீயே தாங்கு என்கிறோம். மறுபக்கமும் உண்டு. 30 ரூபா கூடிய அன்று மூன்று கிலோமீற்றருக்கு 100 ரூபா கூடக் கேட்கிற சாரதிகளை நானும் சந்தித்திருக்கிறேன். விலை இறங்கிய மாதத்தில் கூலி இறங்குவதை மிக அரிதாகவே கண்டிருக்கிறேன். அந்த வழக்கம்தான் பயணிகளின் நம்பிக்கையைக் கெடுத்தது.

மேலே போட்ட கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். லீற்றருக்கு 30 ரூபா கூடினால் ஓடும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 1 ரூபா 20 சதம் கூடுகிறது. 5 கிலோமீற்றர் ஓடி 3 கிலோமீற்றருக்குக் கூலி வாங்குகிறவருக்கு, கூலி கிடைக்கும் கிலோமீற்றருக்கு 2 ரூபா. மூன்று கிலோமீற்றர் ஹயருக்கு 6 ரூபா. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு, ஏறக்குறைய 10 கிலோமீற்றர் என்று வைத்தாலும், 20 ரூபா. அவ்வளவுதான் எண்ணெயின் பங்கு. இந்தத் தொகையைக் கொடுக்கப் பயணி தயங்கத் தேவையில்லை, இதற்கு மேல் எண்ணெயைக் காரணம் காட்டிக் கேட்கச் சாரதிக்கும் நியாயமில்லை. ரயர், ஒயில், லீசிங் கூடியிருந்தால் அதை அப்படியே சொல்லிக் கேட்கட்டும்.

எண்ணெய் விலையை மாதாமாதம் திருத்தத் தெரிந்த நாட்டில் மீற்றர் கட்டணத்தையும் அதே இரவில், அதே சூத்திரத்தோடு, கூடும்போது கூட்டியும் குறையும்போது குறைத்தும் அறிவிக்கலாம். அத்தான் இப்போது அந்தச் சிறு கணக்கை ஒரு தாளில் எழுதி வண்டியில் ஒட்டியிருக்கிறார். விலை மாறும் மாதங்களில் இலக்கத்தை அழித்துப் புதிதாக எழுதுகிறார். போன முறை குறைந்தபோது குறைத்துத்தான் எழுதினார்.